சித்தி கொண்டுவந்த ட்ரையர்

என் வாழ்க்கையில் முதன்முதலில் எனக்கு வயிறு எரிந்தது ஒரு ஹேர் ட்ரையரைப் பார்த்துத்தான். ரோஸ் கலர். கைப்பிடியில் இரண்டு பட்டன், பின்பக்கம் வட்டமாக ஒரு வலை. அதைக் கொண்டுவந்தவளைப் பார்த்தும் எரிந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனுஷியையாவது கொஞ்ச நாளில் மன்னித்துவிட்டேன். அந்த மெஷினை இன்று எந்தக் கடையில் பார்த்தாலும் எனக்கு ஆகாது.

அப்போது நான் அஞ்சாம் வகுப்பு. எங்கள் வீடு மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டை ஒட்டி இருந்தது. வாசலில் தகரம் போட்ட ஒரு ஷெட். அதில் சித்தப்பா வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தார். அப்பாவுக்குக் கடைசித் தம்பி. எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்று அம்மா சொல்வாள். வீட்டில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவரும் அவர் ஒருவர்தான். அவருக்கு நான் எப்போதும் பாப்பா. அது என் சொத்து, வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன்.

அந்த ஷெட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. சும்மா பிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள், நிஜமான வேலை. ஒயரில் ஒட்டுப்போடும்போது அதன்மேல் கருப்பாக ஒரு சின்ன ட்யூபை மாட்டுவார்கள். ஸ்லீவ் என்று பெயர். இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவை அந்த ஒட்டின்மேல் தள்ளிச் சூடு காட்டினால் அது சுருங்கி ஒயரை இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் முறுக்குவதற்கு முன்பே ஸ்லீவை ஒயரில் கோத்து வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டால் தொலைந்தது, ஒட்டை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. சித்தப்பா எவ்வளவோ கெட்டிக்காரர், இந்த ஒன்றை மட்டும் மறந்து மறந்து போவார். அதனால் அவர் ஒயரின் தோலை உரித்ததுமே நான் "ஸ்லீவ்!" என்று கத்துவேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்லீவை எடுப்பார். இது என் வேலையில் பாதி.

மீதிப் பாதி, சூடு காட்டுவது. அதற்கு என்னவெல்லாமோ செய்து பார்த்திருக்கிறோம். தீக்குச்சி கிழித்தால் ரோட்டில் போகிற லாரிக் காற்றுக்கே அணைந்துவிடும். மெழுகுவத்தி காட்டினால் கரி பிடித்து ஒயர் எந்தக் கலர் என்றே தெரியாது. ஈயம் வைக்கிற இரும்பால் தேய்த்தால் ஸ்லீவில் ஓட்டை விழும். ஒருநாள் சாமி மாடத்திலிருந்து ஒரு கொத்து ஊதுபத்தி எடுத்து வந்து காட்டினேன். ஷெட் மணத்தது, ஸ்லீவ் அப்படியே இருந்தது, அம்மா வாசலில் நின்று திட்டினாள். கடைசியில் பெட்டிக்கடை லைட்டர்தான் நின்றது. சித்தப்பா பீடி சிகரெட் தொடாதவர். சட்டைப் பையில் லைட்டர் இருந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து அதை என் கையில் கொடுத்துவிட்டார். நீல லைட்டர். என் பென்சில் டப்பாவில்தான் இருக்கும்.

சித்தப்பா ஒயரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொள்வார். "காட்டு பாப்பா" என்றால் காட்டுவேன். ஒரே இடத்தில் வைத்தால் கருகிவிடும், இப்படியும் அப்படியும் ஓட்ட வேண்டும். "எடு" என்றால் எடுப்பேன். கண் மூடித் திறப்பதற்குள் ஸ்லீவ் கவ்வியிருக்கும். "பாப்பா கை அசையாது, பார்த்தியா?" என்று வண்டிக்காரர்களிடம் பெருமையடிப்பார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறே வேண்டாம்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். பெண்ணுக்குச் சாரம் என்கிற ஊர். மூலக்குளத்திலிருந்து பஸ் ஏறினால் உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும். சித்தி பியூட்டிஷியன் கோர்ஸ் படித்தவள். சீர் வந்த பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அந்த ரோஸ் கலர் ட்ரையர் படுத்துக் கிடந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்ல எனக்கு அண்டாவும் குடமும்தான் குடுத்தாங்க" என்றாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஆக, அந்த மெஷினைப் பார்த்து வயிறெரிந்த முதல் ஆள் நானில்லை.

சித்தியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை. அதுவே பெரிய குறையாக இருந்தது. சத்தமாகப் பேச மாட்டாள். அப்பா கூடத்தில் இருந்தால் அடுப்படியை விட்டு வர மாட்டாள். எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை. எந்நேரமும் யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். பாதி நேரம் நானே இருப்பேன். சித்தப்பாவும் சித்தியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததே கிடையாது. "தண்ணி", "இந்தாங்க", அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அதைவிடப் பெரிய சந்தோஷம், ஆடி வருகிறது என்று அம்மா சொன்னது. புதுப்பெண் ஆடி மாதம் பூராவும் தாய் வீட்டில் இருக்க வேண்டுமாம், புருஷன் அந்தப் பக்கம் போகக் கூடாதாம். ஏன் என்று கேட்டதற்கு, "பெரியவங்க பேசற எடத்துல உனக்கு இன்னா வேல?" என்று குட்டு வைத்தாள். குட்டு வலித்தாலும் சேதி இனித்தது. ஒரு மாதம் முழுக்க ஷெட்டில் நானும் சித்தப்பாவும் மட்டும். காலண்டரில் ஆடி முதல் தேதியைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் முசேயின் கார் வந்தது.

முசே ரெட்டியார்பாளையத்தில் இருந்தவர். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சொந்தப் பேர் ஒன்று இருந்திருக்கும், எல்லோரும் பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி முசே என்றே கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளுக்கு, கோட்டு போட்டு, மெடல் குத்தி, தன் பழைய வெள்ளைக் காரில் கடற்கரைக்குப் போவார். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அந்தக் கார் வீட்டில் சும்மாதான் நிற்கும். சும்மா நின்ற காரில் எலி குடும்பம் நடத்தி, ஒயரையெல்லாம் கடித்துத் துப்பிவிட்டது. டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். சித்தப்பா பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டு ஒன்னு ரெண்டு இல்ல முசே, கொத்துக் கொத்தா இருக்கு" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அத்தனைக்கும் ஸ்லீவ், அத்தனைக்கும் நான்.

பென்சில் டப்பாவைத் திறந்து லைட்டரை எடுத்தேன். முசே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நோ, நோ! நெருப்பு கிட்ட வரக்கூடாது. உள்ள பூரா எலி கொண்டாந்த குப்ப, பெட்ரோல் வாசன வேற வருது. பட்டாளத்துல ஒரு வண்டி எரிஞ்சத என் கண்ணால பார்த்தவன் நான். வேற ஏதாவது வழி பண்ணு தம்பி."

சித்தப்பா பெட்ரோலை வடித்து வெளியே வைக்கிறேன், பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன், குப்பையை வாரிவிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னார். முசே அதையெல்லாம் செய்யச் சொன்னார், நெருப்பும் கூடாது என்றார். சித்தப்பா தலையைச் சொறிந்தார். அப்போது வாசற்படியில், தலைக்குக் குளித்து ஈரத்துண்டு கட்டியிருந்த சித்தி, கதவைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"ட்ரையர் இருக்குதுங்க. அதுலயும் சூடுதான வரும்."

சித்தப்பா நிமிர்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் எத்தனை வருஷம் லைட்டர் பிடித்திருக்கிறேன், எனக்கு ஒருநாள் அப்படி ஒரு முகம் காட்டியதில்லை.

அடுத்த நிமிஷம் ஜங்ஷன் பாக்ஸ் வந்தது, ட்ரையர் வந்தது, அதைப் பிடிக்கச் சித்தியும் ஷெட்டுக்குள் வந்துவிட்டாள். ட்ரையர் 'கொய்ங்' என்று கத்தியது. சித்தப்பா ஒயரை இழுத்துப் பிடித்தார், சித்தி காட்டினாள். காட்டினாள், காட்டினாள், காட்டிக்கொண்டே இருந்தாள். ஸ்லீவ் அசையவே இல்லை. அவ்வளவு நேரம் பிடித்திருந்தால் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் தலை காய்ந்திருக்கும்.

"சுருங்கலயே சித்தப்பா" என்றேன், சத்தம் போட்டு.

"ஆவுது, ஆவுது. நீ சும்மா இரு பாப்பா."

நீ சும்மா இரு. என்னை! அழக் கூடாது என்று லைட்டரை உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

சித்தி விடவில்லை. பார்லரில் கற்றுக்கொண்ட தந்திரம் போலிருக்கிறது, பின்பக்க வலையில் பாதியை உள்ளங்கையால் மூடினாள். காற்று குறைந்து சூடு ஏறியது. ரொம்ப நேரம் கழித்து, போனால் போகிறது என்று ஸ்லீவ் மெதுவாகச் சுருங்கியது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ட்ரையர் தானே நின்றுவிட்டது. "சூடாயிடுச்சுன்னா நின்னுடும், ஆறனாத்தான் மறுபடி ஓடும்" என்றாள் சித்தி. லைட்டரில் கண் மூடித் திறக்கிற வேலை இது! இதற்கு ஓடுகிற நேரம் ஒன்று, ஆறுகிற நேரம் ஒன்று. யாருக்காவது கோபம் வர வேண்டாமா? சித்தப்பா "ஆறட்டும், இன்னா அவசரம்" என்று பானெட்டில் சாய்ந்து நின்றார். எலி கடித்த ஒயருக்கு மூன்று மணி நேரமாகப் போராடினாலும் வாயைத் திறக்காத மனுஷன், ஆறுகிற ட்ரையருக்குப் பக்கத்தில் நின்று என்னத்தையோ சொல்ல, சித்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கமாகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவேன். பானெட்டுக்கு அடியில் இரண்டு தலை ஒட்டிக்கொண்டு தெரியும். ட்ரையர் கத்துகிற சத்தத்தில் அவர்கள் பேசுவது ஒரு வார்த்தை காதில் விழாது. நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். பேச்சை நிறுத்திவிட்டு, "பாப்பா, ஆணி டப்பா எடுத்தா", "பாப்பா, தண்ணி மொண்டாந்து குடு" என்று சித்தப்பா வேலை வைத்தார். இதற்கு நடுவில் சித்தப்பா ஸ்லீவ் கோக்க மறந்து மறந்து ஒட்டுப்போட்டார். "ஸ்லீவ்!" என்று நான் கத்தினாலும் கேட்காது. ஈயம் வைத்த பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார், வெட்டிப் போடுவார், மறுபடி ஆரம்பிப்பார். இரண்டு பேரும் அதற்கும் சிரிப்பார்கள். வேலை தெரியாதவர்களிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முசேயிடம் போய் முறையிட்டேன். அவர் சாயங்காலமானால் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

"இப்படி ஆமை மாதிரி செஞ்சா உங்க வண்டி ரெடியே ஆவாது" என்றேன்.

முசே பானெட்டுப் பக்கம் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "எனக்குப் பதினாலாந்தேதிதாம்மா வண்டி வேணும். அதுவரைக்கும் ஆறப்போட்டே செய்யட்டும்" என்றார். பட்டாளத்தில் இருந்தவருக்கு இவ்வளவு பொறுமை ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் சாரத்திலிருந்து சித்தியின் அம்மா சொல்லி அனுப்பினாள், நல்ல நாள் பார்த்து முன்னாடியே பெண்ணை அழைத்துப்போகிறோம் என்று. சித்தப்பா அம்மாவிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணி, ட்ரையர் அவதான் புடிக்கணும். முசே காரு போவட்டும். பதினாலுக்கு அப்பறம் வந்து அழைச்சினு போவச் சொல்லுங்க." அம்மா அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, சரி என்றாள். எனக்குத் தலையில் இடி. அந்த மெஷின் இருக்கிறவரைக்கும் சித்தி போக மாட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஸ்டிக்கர் பாய் ஞாபகம் வந்தது. எங்கள் ஷெட்டுக்கு இரண்டு கடை தள்ளி, வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை அவருடையது. கண்ணாடியில் ஸ்டிக்கரை வளைத்து ஒட்ட அவரிடம் துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின் உண்டு. ஹீட் கன். நெருப்பே தெரியாது, வெறும் காற்றுதான். ஆனால் கையை நீட்டினால் தோல் உரிந்துவிடும். இது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை என்று என் மண்டையில் நானே தட்டிக்கொண்டு ஓடினேன்.

"பாய், சித்தப்பா ஹீட் கன் வாங்கியாரச் சொன்னாரு."

பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "யாரு, உங்க சித்தப்பனா? காரு வந்த அன்னிக்கே நானா போய்ச் சொன்னேன், எடுத்துக்கடான்னு. வேணாம் பாய், ட்ரையரே போதும்னானே?"

"இப்ப வேணும்னாரு."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டே, "நீ ஒரு ஆளு போதும்மா" என்று எடுத்துக் கொடுத்தார். சித்தப்பாவுக்கு இரவல் கேட்கக் கூச்சம், அதனால்தான் வேண்டாம் என்றிருக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். என் சித்தப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதா?

கன்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். சாமி புறப்பாடு மாதிரி இருந்திருக்கும். ட்ரையர் ஆறிக்கொண்டிருந்த நேரம். சித்தப்பா என்னைப் பார்த்தார், கன்னைப் பார்த்தார்.

"இத யாரு பாப்பா எடுத்தாரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே எடுத்தாந்தேன்!"

முசே அங்கேயே உட்கார்ந்திருந்தார், வண்டிக்காரர். அவர் எதிரில் எப்படி வேண்டாம் என்பது? சித்தப்பா கன்னைச் சொருகி ஒரு ஸ்லீவுக்குக் காட்டினார். 'சுர்' என்று கவ்விக்கொண்டது. அடுத்தது, சுர். அதற்கடுத்தது, சுர். ஒரே கையில் ஒயர், ஒரே கையில் கன். பிடிக்க இன்னொரு ஆளே வேண்டியிருக்கவில்லை. நான் கை தட்டினேன். கை தட்டியது நான் மட்டும்தான். சித்தி ட்ரையரின் ப்ளக்கைப் பிடுங்கி, ஒயரை மெதுவாகக் கைப்பிடியில் சுற்றினாள். சுற்றி முடித்து, "பாப்பா ரொம்ப கெட்டிக்காரி" என்றாள். என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதற்கு அன்றைக்கு மட்டும் அவளை மன்னித்துவிட்டேன். ஜெயித்தவர்கள் கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்கலாம்.

மறுநாளே வேலை முடிந்துவிட்டது. ஹார்ன் அடித்தது, லைட் எரிந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "வேலதான் முடிஞ்சிடுச்சே தம்பி? வியாழக்கிழம நாளு நல்லாயிருக்குது, வரச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். சித்தப்பா கையில் இருந்த மசியைக் கந்தலில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். "சரிங்க அண்ணி" என்றார்.

வியாழக்கிழமை சித்தியின் அம்மாவும் அண்ணனும் பழத்தட்டோடு வந்தார்கள். சித்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். சித்தப்பாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஷெட் அலமாரியில் ட்ரையரை வைத்துவிட்டு, "இது இங்கியே இருக்கட்டும்" என்று அலமாரியிடம் சொன்னாள். ஆட்டோ கண்ணில் மறையும்வரை நான் கையை ஆட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக அவளுக்கு நான் அதற்கு முன்னும் கை ஆட்டியதில்லை, பின்னும் ஆட்டியதில்லை.

பதினாலாம் தேதி முசே மெடல் குத்திக்கொண்டு எங்கள் வாசலில் ஹார்ன் அடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனார். ஆடியும் பிறந்தது. நான் பென்சில் டப்பாவோடு ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். "இனிமே லைட்டர்தான சித்தப்பா?" என்று கேட்டேன். "பாய் கன்ன வச்சுக்கச் சொல்லிட்டாரு பாப்பா. அதுக்கு ஒரு ஆளே போதும்" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை, திட்டியும் சொல்லவில்லை. ஆனால் என் வேலை போய்விட்டது. கொண்டுவந்து கொடுத்தவள் நான், யாரைப் போய்க் கேட்பது?

அந்த மாதம் சித்தப்பா ரிப்பேர் பார்த்த வண்டிகளையெல்லாம் ஓட்டிப் பார்க்கச் சாரம் பக்கமாகவே எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் ரோடு நன்றாக இருந்திருக்கும். போன வேகத்திலேயே திரும்பியும் வந்துவிடுவார், முகம் தொங்கிப்போய்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரோட்டிலேயே அந்தச் சத்தம் கேட்டது. கொய்ங். அவள் வந்துவிட்டாளா? ஓடினேன். சித்தி இல்லை. சித்தப்பா மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஹீட் கன் பக்கத்திலேயே சும்மா கிடந்தது. அவர் ஒரு கையில் ரோஸ் கலர் ட்ரையர், இன்னொரு கையில் ஒரு துண்டு ஒயர். அதில் ஒரு ஒட்டு, ஒட்டின்மேல் ஸ்லீவ். ஸ்லீவ் எப்போதோ சுருங்கி, கல் மாதிரி கவ்விக்கொண்டிருந்தது. அவர் அதற்கே காட்டிக்கொண்டிருந்தார்.

"அது எப்பவோ சுருங்கிடுச்சு சித்தப்பா" என்றேன்.

"தெரியும் பாப்பா" என்றார். ட்ரையரை அணைக்கவில்லை.

தெரிந்தும் எதற்குக் காட்டுகிறார்? ஹீட் கன் எது, ட்ரையர் எது என்று இவ்வளவு பாடுபட்டு எடுத்துக் காட்டியும் இந்த மனுஷனுக்கு ஒன்றுமே விளங்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கன்னைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, புத்தகப் பையோடு உள்ளே போனேன். ட்ரையர் சூடாகித் தானாக நிற்கும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. ஆறிய பிறகு, மறுபடி கேட்டது.